நிலவேம்பும் வைரஸும்: ஆய்வுத் தட்டில் நாம் எதை அளக்கிறோம்?

நிலவேம்புக் குடிநீர் டெங்கி வைரஸைக் கொல்லுமா என்ற கேள்விக்கு, வைரஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் என்னால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிவதில்லை. கேட்பவர் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கும் பிள்ளையை மனத்தில் வைத்துக் கேட்கிறார். எனக்கோ எந்த வைரஸ், எந்த உயிரணுவில் வளர்த்தது, மருந்து எவ்வளவு, எப்போது சேர்த்தது, மிஞ்சிய வைரஸை எப்படி அளந்தார்கள் என்ற கேள்விகளே முதலில் எழுகின்றன. இவற்றுள் கடைசிக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது என்பது என் எண்ணம். ஒரு தாவரப் பொருள் வைரஸைக் குறைத்தது என்ற கூற்றை, அந்த வைரஸை எண்ணிய முறையை எவ்வளவு நம்பலாமோ அவ்வளவுதான் நம்ப முடியும். இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். சிங்கப்பூரின் தேக்காவில் நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறவர்களும், பலதுறை மருந்தகத்தில் இரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் ஒரே மக்கள்தான். இரண்டையும் நம்பும் அவர்களுக்கு, அந்த நம்பிக்கைக்கு உரிய விளக்கத்தை எங்களைப் போன்றவர்கள் தமிழில் போதுமான அளவு கொடுத்ததில்லை.

சிங்கப்பூரில் இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்ததே இல்லை. 2020இல் மட்டும் இங்கே 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. அதற்கு முன் எந்த ஆண்டிலும் அவ்வளவு பேருக்கு வந்ததில்லை. வோல்பாக்கியா பாக்டீரியாவைச் சுமந்த ஆண் கொசுக்களைப் பறக்கவிட்டு, டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களைக் குறைக்கும் முயற்சி 2016 முதல் நடந்துவருகிறது. ஆனால் காய்ச்சல் வந்துவிட்டவருக்குக் கொடுக்க, டெங்கி வைரஸை நேரடியாகத் தாக்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. உடலின் நீர்ச்சத்தைக் காப்பது, இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் அபாய அறிகுறிகளையும் கவனிப்பது, இரத்தக் கசிவைத் தூண்டக்கூடிய ஆஸ்பிரின், இபுபுரோஃபென் போன்றவற்றைத் தவிர்ப்பது ஆகியவையே மருத்துவரால் செய்ய முடிந்தவை. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் நிலவேம்பும் பப்பாளி இலையும் வருகின்றன. காய்ச்சலில் தவிக்கும் குடும்பம் கைக்கு எட்டியதைத் தேடுவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

வைரஸைக் கண்டுபிடிப்பதிலிருந்து தொடங்குகிறேன். டெங்கிக் காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாள்களில் வைரஸ் இரத்தத்தில் நிறைந்திருக்கும். அப்போது அதன் ஆர்என்ஏ மரபுப்பொருளைப் பிசிஆர் முறையால் தேடலாம். அல்லது, தொற்றிய உயிரணுக்கள் இரத்தத்தில் வெளிவிடும் என்எஸ்1 என்ற புரதத்தைச் சில நிமிடங்களில் முடியும் சோதனைப் பட்டையால் தேடலாம். ஐந்தாம் நாள் வாக்கில் வைரஸ் குறையத் தொடங்கும். உடல் உருவாக்கிய ஐஜிஎம் எதிர்ப்பொருள் தலைகாட்டும். ஆகவே, காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது என்று மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நாளைத் தவறாகச் சொன்னால் தவறான சோதனையைச் செய்ய நேரிடும். "இல்லை" என்று வரும் முடிவு பொய்யாகிவிடக்கூடும். டெங்கி வைரஸில் நான்கு வகைகள் உண்டு. முன்பு ஒருமுறை டெங்கி வந்தவருக்கு இன்னொரு வகை தொற்றும்போது ஐஜிஜி எதிர்ப்பொருள் வேகமாக உயரும், ஐஜிஎம் மங்கலாகவே தெரியும். பழைய எதிர்ப்பொருள்கள் என்எஸ்1 புரதத்தைப் பற்றிக்கொள்வதால் பட்டைச் சோதனையும் சில வேளைகளில் தவறிவிடும். நமக்குக் கடுமையாக வர வாய்ப்புள்ள இரண்டாம் தொற்றில்தான் சோதனை தடுமாறுகிறது என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

எதிர்ப்பொருளை மட்டும் நம்ப முடியாது என்பதை 2016 ஆகஸ்ட் இறுதியில் அல்ஜூனிட், சிம்ஸ் டிரைவ் வட்டாரத்தில் ஸிக்கா வைரஸ் பரவியபோது எல்லாரும் கண்டோம். முதலில் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோர் அங்கிருந்த கட்டுமானத் தளத்தில் வேலை செய்த வெளிநாட்டு ஊழியர்கள். ஸிக்காவும் டெங்கியும் நெருங்கிய உறவுள்ள வைரஸ்கள். ஒன்றுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றின் சோதனையிலும் ஒட்டிக்கொள்ளும். வாழ்நாளில் ஒருமுறையாவது டெங்கிக்கு ஆளானவர்கள் நிறைந்த ஊரில், எதிர்ப்பொருள் சோதனை இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லத் திணறும். ஆகவே இரத்தத்திலும் சிறுநீரிலும் மரபுப்பொருளைத் தேடினார்கள். ஸிக்காவின் ஆர்என்ஏ இரத்தத்தைவிடச் சிறுநீரில் அதிக நாள் தங்கும்.

பிசிஆர் பற்றி இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வைரஸின் ஆர்என்ஏவை முதலில் டிஎன்ஏவாகப் படியெடுக்கிறோம். அதைச் செய்யும் நொதியை ஹாவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் 1970இல் தனித்தனியாகக் கண்டறிந்தார்கள். பிறகு ஒவ்வொரு வெப்பச் சுழற்சியிலும் அந்தப் படி இரட்டிக்கிறது. 10 சுழற்சிகளில் ஒன்று ஏறத்தாழ ஆயிரமாகிறது. 30 சுழற்சிகளில் நூறு கோடியைத் தாண்டுகிறது. எத்தனையாவது சுழற்சியில் ஒளிர்வு தெரிந்தது என்ற எண், தொடக்கத்தில் எவ்வளவு மரபுப்பொருள் இருந்தது என்பதைச் சொல்கிறது. இத்தனை நுட்பமான கருவி வேறு இல்லை. ஆனால் அது எண்ணுவது மரபுப்பொருளின் துண்டை மட்டுமே. அந்தத் துண்டு உயிருள்ள உயிரணுவுக்குள் புகுந்து பெருகக்கூடிய முழு வைரஸிலிருந்து வந்ததா, உடல் உடைத்துப்போட்ட சிதைவிலிருந்து வந்ததா என்பது அதற்குத் தெரியாது.

இந்த வேறுபாடு மனிதர்களின் வாழ்க்கையை எப்படித் தொடுகிறது என்பதை நான் 2020இல் உணர்ந்தேன். வெளிநாட்டு ஊழியர்களின் தங்கும் விடுதிகளில் கொவிட்-19 பரவிய மாதங்களில், அவர்களுக்காகத் தொலைபேசியில் மொழிபெயர்க்கும் தொண்டூழியத்தில் நானும் இருந்தேன். புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர், "அக்கா, எனக்குக் காய்ச்சல் விட்டுப் போயி ரொம்ப நாளாச்சு, நல்லாத்தான் இருக்கேன், ஆனா எடுக்கிற டெஸ்ட்டெல்லாம் பாசிட்டிவ்னே வருது, என் உடம்புல என்னமோ பெருசா இருக்குதா?" என்று கேட்டார். ஊரில் மனைவியிடம் சொல்ல அவருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. அந்த ஆண்டு மே மாதம், தொற்றுநோய்களுக்கான தேசிய நிலையமும் தொற்றுநோய் மருத்துவ வல்லுநர்களும் வெளியிட்ட அறிக்கை, நோய் தொடங்கிய 11ஆம் நாளுக்குப் பிறகு பிசிஆர் தொற்றைக் காட்டினாலும் உயிரணு வளர்ப்பில் வைரஸைப் பிரித்தெடுக்க முடியவில்லை என்று கூறியது. அதைத் தொடர்ந்து, நலமாக இருப்பவர்களை மறு சோதனை இல்லாமலே 21ஆம் நாளில் விடுவிக்கும் நடைமுறை வந்தது. உயிரணுத் தட்டில் வைரஸ் வளர்கிறதா என்று பார்க்கும் பழைய, மெதுவான முறைதான் பல்லாயிரம் பேரைத் தனிமையிலிருந்து விடுவித்தது. பரபரப்பில்லாத அந்த முறையின் மீது எனக்குள்ள மதிப்பு அன்று இன்னும் கூடியது.

அந்த முறையைத்தான் மருந்துச் சோதனையின் அடித்தளமாகவும் நான் கருதுகிறேன். வைரஸ் தானாகப் பெருகாது. அதற்கு உயிருள்ள உயிரணு வேண்டும். டெங்கி வைரஸைப் பெருக்க நாங்கள் கொசு உயிரணுக்களைப் பயன்படுத்துகிறோம். ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவின் இளம்புழுக்களிலிருந்து, ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் அந்த உயிரணு மரபை 1967இல் புனேயில் கே.ஆர்.பி. சிங் உருவாக்கினார், அதிலிருந்து ஜப்பானின் அகிரா இகராஷி 1978இல் தேர்ந்தெடுத்த சி6/36 என்ற கிளைதான் இன்று உலகெங்கும் இருக்கிறது. 28 டிகிரி செல்சியஸில், மனித உயிரணுக்களுக்குக் குளிராகத் தோன்றும் வெப்பநிலையில், அவை வளரும். வைரஸை எண்ணுவதற்கு வேறு உயிரணுக்கள் வேண்டும். தட்டின் குழிகளில் அடிப்பரப்பு முழுவதும் ஒற்றை அடுக்காக உயிரணுக்களை வளர்த்து, வைரஸ் நீர்மத்தைப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என நீர்க்கச் செய்து ஒவ்வொரு குழியிலும் இடுகிறோம். ஒரு மணி நேரம் ஒட்டவிட்டு, மேலே கூழ் போன்ற தடித்த ஊடகத்தை ஊற்றிவிடுகிறோம். தொற்றிய உயிரணுவிலிருந்து வெளிவரும் புதிய வைரஸ் அந்தக் கூழுக்குள் நீந்திப் போக முடியாமல் பக்கத்து உயிரணுக்களையே தொற்றும். டெங்கிக்கு ஐந்தாறு நாள் பொறுத்திருக்க வேண்டும். பிறகு கூழை நீக்கிவிட்டு ஊதாச் சாயம் ஏற்றினால், உயிரோடிருந்த உயிரணுக்கள் ஊதா நிறம் பெறும். வைரஸ் அழித்த இடங்கள் தெளிந்த வட்டங்களாகத் தெரியும். ஒவ்வொரு வட்டமும் தொற்றும் ஆற்றலுள்ள ஒரு வைரஸிலிருந்து தொடங்கியது. வட்டங்களை எண்ணி, நீர்த்த அளவால் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களுக்கு இருந்த இந்த முறையை 1952இல் ரெனாட்டோ டுல்பெக்கோ விலங்கு வைரஸ்களுக்கும் கொண்டுவந்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இதற்கு நிகரான நேர்மையான அளவுகோல் ஒன்றை நான் அறியேன்.

குழாயில் இருப்பது நாம் நினைக்கும் வைரஸ்தானா என்பதையும் முதலில் உறுதிசெய்ய வேண்டும். 2003 செப்டம்பரில், சார்ஸ் பரவல் முடிந்துவிட்டது என்று சிங்கப்பூர் மூச்சு விட்ட பிறகு, இங்குள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில் மேற்கு நைல் வைரஸோடு வேலை செய்த ஆராய்ச்சி மாணவர் ஒருவருக்குச் சார்ஸ் வந்தது. அவர் கையாண்ட வைரஸ் மாதிரியில் சார்ஸ் கொரோனா வைரஸ் கலந்திருந்தது விசாரணையில் தெரிந்தது. அவர் குணமடைந்தார், வேறு யாருக்கும் பரவவில்லை. 2005இல் உயிரியல் கிருமிகளையும் நச்சுகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. பாதுகாப்பைப் பற்றிப் பேசவே இந்த நிகழ்ச்சியை எல்லாரும் எடுக்கிறார்கள். மருந்துச் சோதனைக்கும் அது பொருந்தும். மாதிரியின் மரபுவரிசையைப் படித்துப் பார்க்காமல் வெளியிடும் எந்த முடிவுக்கும் நான் கையெழுத்திட மாட்டேன்.

இனித் தாவரத்துக்கு வருகிறேன். நிலவேம்பு தமிழர்களுக்கு மட்டும் உரியதன்று. மலாய்க்காரர்கள் அதை ஹெம்பெடு பூமி என்கிறார்கள். சீன மருந்துக் கடைகளில் அது சுவான் சின் லியான். மூன்று சமூகங்களும் காய்ச்சலுக்கே அதை எடுக்கின்றன. சித்த மருத்துவத்தின் நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சம் வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்குகள் உண்டு. நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான முதன்மைப் பொருள் ஆண்ட்ரோகிராஃபோலைடு.

ஒரு சாற்றை வைரஸுக்கு எதிராகச் சோதிப்பதற்கு முன், உயிரணுக்களுக்கு அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். உயிரணுக்களைக் கொல்லும் எந்தப் பொருளும் வைரஸையும் குறைத்துவிடும், ஏனெனில் வைரஸ் பெருக இடமே இருக்காது. பாதி உயிரணுக்கள் சாகும் செறிவு ஒன்று, வைரஸ் பாதியாகும் செறிவு மற்றொன்று. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் எண்ணைத் தெரிவுக் குறியெண் என்கிறோம். அது பத்துக்கு மேல் இருந்தால் தொடர்ந்து பார்க்கலாம் என்பது பரவலான வழக்கம். இரண்டு மூன்று என்று வந்தால், அந்தச் சாறு உயிரணுக்களை வாட்டுகிறது, வைரஸ் அதோடு சேர்ந்து வாடுகிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இங்கேதான் தாவரச் சாறுகள் ஆய்வாளரை ஏமாற்றும் இடங்கள் நிறைந்திருக்கின்றன, இதைப் பற்றிப் போதிய அளவு யாரும் பேசுவதில்லை. உயிரணுக்கள் உயிரோடு உள்ளனவா என்று பார்க்க, பெரும்பாலோர் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள்; உயிருள்ள உயிரணு அதை ஊதாவாக மாற்றும். ஆனால் தாவரங்களின் பீனால் சேர்மங்கள் உயிரணு இல்லாமலே அந்தச் சாயத்தை ஊதாவாக்கிவிடும். சாறு மட்டும் உள்ள, உயிரணு இல்லாத ஒப்பீட்டுக் குழி ஒன்றை வைக்காவிட்டால், செத்த உயிரணுக்கள் உயிரோடிருப்பதாகக் கணக்கு வரும். மஞ்சளின் குர்குமின் தானே ஒளிரும்; ஒளிர்வை அளக்கும் எந்தச் சோதனையிலும் அது குறுக்கிடும். கடுக்காய், மாதுளைத் தோல், தேயிலை ஆகியவற்றின் துவர்ப்புப் பொருள்கள் எதிர்ப்படும் புரதங்களில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். வைரஸையும் சாற்றையும் முன்கூட்டியே கலந்து வைத்து உயிரணுமேல் ஊற்றினால், வைரஸ் முடங்கிவிடும். தட்டில் அழகான முடிவு கிடைக்கும். ஆனால் நோயாளியின் உடலில் மருந்து போவதற்கு முன்பே வைரஸ் உயிரணுவுக்குள் போய்விட்டது. இரத்தத்தில் வேறு ஆயிரம் புரதங்கள் அந்தத் துவர்ப்பை எதிர்நோக்கி இருக்கின்றன. ஆகவே, தொற்றுக்கு முன், தொற்றும்போது, தொற்றிக் கழுவிய பின் என்று மூன்று வேளைகளிலும் தனித்தனியாகச் சாற்றைச் சேர்த்துப் பார்க்காத ஆய்வில் பாதிதான் முடிந்திருக்கிறது.

வைரஸின் அமைப்பும் கணக்கில் வரும். டெங்கி வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு. பூந்திக்கொட்டையில் உள்ளதைப் போன்ற நுரைக்கும் சேர்மங்கள் அதைக் கரைத்துவிடும். நம் பாலர் பள்ளிகளைக் கலங்கடிக்கும் கை, கால், வாய்ப்புண் நோயை உண்டாக்கும் என்டரோவைரஸ் ஏ71க்கு அந்த உறை கிடையாது. கை சுத்திகரிப்பு ஆல்கஹாலே அதனிடம் சரியாக எடுபடாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். எனவே, ஒரு மூலிகை வைரஸ்களை அழிக்கிறது என்று பன்மையில் எழுதப்பட்ட எதையும் நான் ஐயத்தோடுதான் படிப்பேன்.

இந்தச் சல்லடைகளைத் தாண்டியும் ஆண்ட்ரோகிராஃபோலைடு நிற்கிறது என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். தாய்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மனித ஈரல் உயிரணு மரபு ஒன்றில் தொற்றுக்குப் பிறகு சேர்த்தபோதும் அது டெங்கி வைரஸைக் குறைத்தது. அதற்குத் தேவைப்பட்ட செறிவு 20 மைக்ரோமோலாருக்கு (நீர்மத்தில் ஒரு பொருள் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை அளக்கும் அலகு) சற்று மேல். மனிதர்கள் நிலவேம்பு மாத்திரை எடுத்துக்கொண்ட பின் இரத்தத்தை அளந்த பழைய ஆய்வு ஒன்றில், அந்தப் பொருள் ஒன்றிரண்டு மைக்ரோமோலார் அளவையே எட்டியது. கேள்வியின் கடினம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் உள்ளது. பத்து மடங்கு அதிகம் குடித்தால் சரியாகிவிடும் என்று எளிதாக எண்ணிவிடக் கூடாது. ஈரல் அதை வேகமாக மாற்றி வெளியேற்றுகிறது. டெங்கியிலோ ஈரல் ஏற்கெனவே அடிபட்டிருக்கும்.

தட்டின் உயிரணுவும் மனித உடலும் ஒன்றாக நடந்துகொள்ளாததற்குக் கொவிட்-19 காலம் கொடுத்த பாடம் வலுவானது. சிங்கோனா மரத்தின் குவினைனைப் பின்பற்றிச் செயற்கையாக உருவான குளோரோகுயின், 1962இல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கப்பட்ட வெரோ உயிரணுக்களில் கொரோனா வைரஸை நன்றாகத் தடுத்தது. அந்த உயிரணுக்களில் வைரஸ் ஒரு வாசல் வழியாக மட்டுமே நுழைகிறது. அந்த வாசலைத்தான் குளோரோகுயின் அடைக்கிறது. மனித நுரையீரல் உயிரணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி வைரஸுக்கு வேறொரு வாசலைத் திறந்துவிடுகிறது. நுரையீரல் உயிரணுக்களில் குளோரோகுயின் வைரஸைத் தடுக்கவில்லை என்று 2020இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மருத்துவமனை நோயாளிகளுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் உதவவில்லை என்பதைப் பிரிட்டனின் பெரிய மருத்துவச் சோதனை உறுதிசெய்தது. மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து வந்த ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணிக்கொல்லி மருந்தின் கதையும் செறிவில்தான் சறுக்கியது: தட்டில் கொரோனா வைரஸைத் தடுத்த செறிவை வழக்கமான அளவு மருந்தால் மனித இரத்தத்தில் எட்ட முடியாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை வாங்கி விழுங்க வேண்டாம் என்று சுகாதார அறிவியல் ஆணையம் 2021இல் இங்கே எச்சரிக்க வேண்டியிருந்தது.

இயற்கையில் கிடைத்த ஒரு பொருளை டெங்கிக்கு எதிராகக் கடைசிவரை கொண்டுபோன முயற்சி ஒன்று சிங்கப்பூரிலேயே நடந்திருக்கிறது, நம்மவர்களில் பலருக்கு அது தெரியாது. ஆஸ்திரேலியாவில் வளரும் காஸ்டனோஸ்பெர்மம் என்ற மரத்தின் விதையில் காஸ்டனோஸ்பெர்மின் என்ற சேர்மம் இருக்கிறது. அதைச் சற்று மாற்றி உருவாக்கியது செல்கோசிவிர். அது வைரஸைத் தொடுவதில்லை. மனித உயிரணுவுக்குள் புரதங்களின் சர்க்கரைச் சங்கிலியைச் சீவிவிடும் ஒரு நொதியைத் தடுக்கிறது. அப்படிச் சீவப்படாவிட்டால் டெங்கியின் உறைப் புரதங்கள் சரியாக மடியாது. தட்டில் அது வேலை செய்தது. சாகடிக்கும் அளவு டெங்கி கொடுக்கப்பட்ட எலிகளையும் காப்பாற்றியது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில், காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் வந்த 50 பேரிடம் அதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லா மாத்திரை; யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மருந்து பாதுகாப்பாக இருந்தது. ஆனால் இரத்தத்தில் வைரஸின் அளவையும் காய்ச்சலையும் குறிப்பிடத்தக்க அளவில் அது குறைக்கவில்லை. 2014இல் முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். காய்ச்சலில் வாடும்போதும் தம் கையை நீட்டி நாள்தோறும் இரத்தம் கொடுத்த அந்த 50 பேருக்கு நாம் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம். எலிக்கும் மனிதனுக்கும் நடுவே உள்ள தொலைவை நமக்கு அளந்து கொடுத்தவர்கள் அவர்கள்.

பப்பாளி இலையின் கதை வேறு. மலேசியாவில் 228 நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், இலைச்சாறு குடித்தவர்களின் தட்டணுக்கள் வேகமாக ஏறின. அதைப் படித்துவிட்டு, பப்பாளி இலை டெங்கியைக் குணப்படுத்தும் என்று சொல்வது சரியாகாது. அங்கே அளந்தது தட்டணுவை, வைரஸை அளக்கவில்லை. சாறு குடிப்பவர் யார் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தட்டணு எண்ணிக்கை ஏறுவதால் மட்டுமே இரத்த அழுத்தம் சரியும் அதிர்ச்சி நிலையோ இரத்தக் கசிவோ குறையும் என்று கொள்ள முடியாது.

பூமலை என்று நாங்கள் அழைக்கும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும் மரமும் ஒன்று உண்டு. 1987இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்காகச் சரவாக்கில் திரட்டிய இலை, கிளை மாதிரிகளில் ஒன்று எச்ஐவி வைரஸைத் தடுத்தது. அது நம் புன்னையின் பேரினத்தைச் சேர்ந்த கேலோஃபில்லம் லனிகெரம் என்ற மரம். அதிலிருந்து பிரித்த சேர்மத்துக்குக் கேலனோலைடு ஏ என்று பெயர் வைத்தார்கள். மீண்டும் மாதிரி எடுக்கப் போனபோது முதல் மரம் வெட்டப்பட்டிருந்தது. அருகில் இருந்த அதே இன மரங்களில் அந்தச் சேர்மம் இல்லை, அல்லது மிகக் குறைவு. பிறகு, ஆங்கிலேயர் காலத்தில் சிங்கப்பூர்ப் பூமலையில் நட்டு வளர்த்த மரங்களில் அதைக் கண்டார்கள். மனிதர்களிடம் தொடக்கக் கட்டச் சோதனைகள் நடந்தன. மருந்தாகச் சந்தைக்கு இன்னும் வரவில்லை. ஒரே இனத்தின் இரண்டு மரங்கள் ஒரே சேர்மத்தைத் தருவதில்லை என்பதுதான் இதில் எனக்கு முதன்மையானது. மண், மழை, பறித்த பருவம், உலர்த்திய முறை ஆகிய எல்லாமே அளவை மாற்றும். அப்படியானால், தேக்காவில் வாங்கிய நிலவேம்புப் பொடியின் இரண்டு பொட்டலங்கள் ஒன்றாக இருக்கும் என்று எதைக்கொண்டு நம்புவது?

காய்ச்சலோடு இருப்பவர் நிலவேம்பு குடிக்கலாமா என்று என் அத்தை கேட்டபோது நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போய் இரத்தம் கொடுங்கள், காய்ச்சல் தொடங்கிய நாளைச் சரியாகச் சொல்லுங்கள், குடிநீர் குடிப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து தொடங்கக்கூடும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூட்டுவலிக்கும் காய்ச்சலுக்கும் உடனடிக் குணம் தருவதாக, பெயர் தெரியாத பொடிகளை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். இயற்கை மருந்து என்று விற்றவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டெடுத்திருக்கிறது.

நிலவேம்புக்கு நியாயமான ஓர் ஆய்வு கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை, அது இந்த ஊரிலேயே நடந்தால் இன்னும் நல்லது. டெங்கியும் இங்கே இருக்கிறது, செல்கோசிவிர் சோதனை நடத்திய அனுபவமும் இருக்கிறது, நிலவேம்பை அறிந்த மூன்று சமூகங்களும் இருக்கின்றன. குடிநீரின் ஒவ்வொரு தொகுதியிலும் ஆண்ட்ரோகிராஃபோலைடு எவ்வளவு என்று முதலில் அளந்து, ஒரே அளவில் நிறுத்த வேண்டும். முதல் 48 மணி நேரத்துக்குள் வந்த நோயாளிகளைச் சேர்த்து, எந்த வகை டெங்கி என்று பிசிஆரால் உறுதிசெய்ய வேண்டும். நாள்தோறும் அவர்கள் இரத்தத்தில் மரபுப்பொருளை மட்டும் எண்ணாமல், உயிரணுத் தட்டில் வட்டங்களையும் எண்ண வேண்டும். மருந்து எவ்வளவு இரத்தத்தை எட்டியது என்பதையும் ஈரலின் நிலையையும் கூடவே பதிய வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் வழி தெரியும். ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுக்கும் குடிநீர்தான் சிக்கலானது: நிலவேம்பு துளியும் இல்லாமல், தமிழ் வீட்டில் வளர்ந்த எவரும் ஒரு வாய் குடித்து வேறுபாடு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அது கசக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று யாருக்காவது தோன்றினால் எனக்கு எழுதுங்கள்.